கிழக்கில் விழுந்த சூரியன்

நகரசபை மண்டபத்தில் கண்காட்சி என்றால்
மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.
நான் படங்களை முகத்துக்கு நேரே பார்ப்பதில்லை.
பக்கவாட்டில் போய் நின்று
ஆணி அடித்த ஓரத்தைப் பார்ப்பேன்.
அங்கேதான் தெரியும்
முதலில் என்ன நிறம் நினைத்தார்கள்,
பிறகு எதற்குப் பயந்தார்கள் என்று.

போன வருடம் ஒரேயொரு கண்காட்சிக்காக
இரவு ரயிலில் கொழும்புக்குப் போனேன்.
மூக்கு முட்ட நின்றவனின் தோளைத் தொட்டு
"ஐயா, கொஞ்சம் பின்னுக்கு" என்றார் காவலாளி.
பின்னுக்குப் போனேன்.
தகரக் கூரை ஒன்றின் நிழலுக்குள்
ஊதா என்றும் சொல்லமுடியாத, பச்சை என்றும் சொல்லமுடியாத ஏதோ ஒன்று
மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது.
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன்:
நிழலிலும் வெயில் படுகிறது.
மறுநாள் வேலையில்
அதன் கீழேயே யாருடையதோ 4172 யூனிட்டும் ஏறிவிட்டது.

ஆம், மின்சார சபை. மீற்றர் வாசிப்பவன்.
உவர்மலை தொடங்கிப் பாலையூற்று மட்டும்
எல்லா நாய்களுக்கும் என்னைத் தெரியும்.
கையில் காசில்லாத காலத்தில்
கலியாணத்துக்கும் குடிபூரலுக்கும்
கன்வஸ்தான் கொடுத்தேன்.
இப்போது மாதாமாதம்
என் பிழைகளை வாசித்துக்கொண்டு போகிறேன்.
ரோகிணி ரீச்சர் வீட்டு மானுக்கு
முன்கால் ஒன்று முழங்காலே இல்லாமல் நீளுகிறது.
சபூர்தீன் நானாவின் ஹார்ட்வெயார் கடையில்
கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும்,
ஏழுக்கும் ஒரே ஆழம்.
பல் டொக்டர் மங்களேஸ்வரியின் சுவரில்
டச்சுக்குடாவில் அந்திச் சூரியன்.

அதன் கீழே கன்னம் வீங்கிய பொடியன் ஒருவன்,
திருக்கடலூர்ப் பிள்ளை,
தாடையைப் பொத்தியபடி சொன்னான்:
"இஞ்ச பொழுது கடலுக்க படாதே அங்கிள்.
விடியத்தானே அங்கயிருந்து வரும்."

இருபத்தொரு வருடம்.
ஒருவரும் சொல்லவில்லை.
கலண்டர் பார்த்து வரைந்தது, எந்த ஊர்க் கலண்டரோ.
உள்துறைமுகம் என்று சமாளிக்கலாம்.
ஆனால் இடப்பக்கம் கோணேசர் மலை நிற்கிறது,
பொய் சொல்ல விடாது.

"ஒரு கிழமைக்குத் தாங்கோ" என்றேன்.
"கழட்டினா சுவரில வெள்ளையாத் தெரியுமே."
"பல்லுப் பிடுங்கினாலும் அப்பிடித்தானே டொக்டர்."
சிரித்தார். தந்தார்.

"மீன் வெட்டுற மேசையில டர்பன்டைனோ?"
யசோதினி கேட்டுவிட்டு
மீனை வெளியே கொண்டுபோனாள்.
சூரியனை அசைக்கத் தேவைப்படவில்லை.
இடம் சரி, நேரம்தான் பிழை.
செம்மஞ்சளைக் கத்தியால் சுரண்டி
பால் கலந்த தேத்தண்ணி போல் ஒரு வெளிச்சம் பூசினேன்.
வள்ளங்கள்தான் கஷ்டம். போகிறவை வரவேண்டும்.
அணியத்தைக் கடையார் ஆக்கினேன்,
கடையாரை அணியம்.
வெறுங்கூடைகளுக்கு ஈயநிறத்தில் ஐந்தாறு கீறல்,
போதும், மீன்.

கரையில் ஒருத்தி கையசைத்து வழியனுப்பிக்கொண்டிருந்தாள்.
கையை இறக்கிவிட்டேன்.
மூன்று பூச்சுக்குப் பிறகும்
யன்னல் வெளிச்சம் சாய்ந்து விழுந்தபோது
தோளிலிருந்து விரல்வரை அந்த மேடு எழுந்தது.
சரி என்று மீண்டும் தூக்கிவிட்டு
முழங்கையை மட்டும் மடித்தேன்.
இப்போது நெற்றியில் கைவைத்து
வருகிறவற்றை எண்ணுகிறாள்.

ஆறு வள்ளம் இருந்த படம்.
ஐந்தைத் திருப்பினேன்.
ஆறாவது அடிவானத்தில்,
எது அணியம் எது கடையார் என்று தெரியாத அளவு சிறிது.
தூரிகையை இரண்டுதரம் கொண்டுபோனேன்.
அப்படியே இருக்கட்டும்.

டொக்டர் ஆணியில் மாட்டிவிட்டுத் தள்ளிநின்று பார்த்தார்.
"துடைச்சுத் தந்திருக்கிறீங்கள், என்ன?
நல்லாப் பளிச்செண்டு இருக்கு."
ஓம் என்றேன்.

மானின் காலைப் பற்றி
ரீச்சரிடம் இன்னும் கேட்கவில்லை.
நேற்றுப் போனபோது வீட்டில் ஆளில்லை.
பில்லை கேற்றில் செருகிவிட்டுத் திரும்பினால்
கோட்டைப் பக்கமிருந்து வந்த நிசமான மான் ஒன்று
அதை இழுத்தெடுத்துச் சாவகாசமாய் மென்றது.
நான் தடுக்கவில்லை.
அதன் முன்கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.